பிளேன் இறங்குமட்டும் கூட்டாத வீடு

அந்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்தாலே போதும், எங்கள் ஒழுங்கையிலிருந்து போன ஆட்கள் எவராவது இந்த நேரம் ஆகாயத்தில் இருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம். முற்றம் கூட்டிக் கிடந்தால் எல்லோரும் தரையில். மாவிலை சருகாய்க் குவிந்து, உள்ளே தையல் மெசினைச் சுற்றித் துணித்துண்டும் நூலும் சிதறிக் கிடந்தால், யாரோ ஒருவர் பறந்துகொண்டிருக்கிறார். எத்தனை மணித்தியாலமாகப் பறக்கிறார் என்பதைக்கூடக் குப்பையின் உயரத்தை வைத்துச் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கை ஒரு குறுகிய தெரு, அதன் நாலாவது வாசற்படலை அந்த வீட்டுத் தையற்காரியுடையது. ஊர் முழுக்கத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். அவர் கழுத்தில் நான் நகை கண்டதில்லை, அளவு நாடாதான் கண்டிருக்கிறேன். கோயிலுக்கும் அதோடுதான் வருவார்.

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் வெளிக்கிட்டால் உடனே வீடு கூட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் அம்மாவும் பார்ப்பார். ஆனால் ஆள் சந்தி திரும்பியதும் விளக்குமாறைக் கையில் எடுத்துவிடுவார். தையலக்காவிடம் அந்தச் சலுகை கிடையாது. போனவர் போய்ச் சேர வேண்டும், சேர்ந்துவிட்டேன் என்று செய்தி வர வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் விளக்குமாறைத் தொடுவார். போனவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த ஒழுங்கையில் பிறந்த ஆளென்றால் போதும்.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்றால், வான் ஓட்டித்தான். எயார்போட்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது என் தொழில். பள்ளிக்கூடம் என்னை ஏழாம் வகுப்பிலேயே இறக்கிவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது. பிளேன் மேலே எழும்பி ஒரு இடத்தில் நிற்கும், உலகம் கீழே சுற்றிக்கொண்டு வரும், லண்டன் நேர் கீழே வந்ததும் பிளேன் இறங்கும் என்று முப்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் இதை வானுக்குள்ளே ஒரு இன்ஜினியருக்கு விளக்கியும் சொன்னேன். அந்த மனிதர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

என்னைத்தான் தையலக்கா நேரம் கேட்பார்.

ஒருமுறை எங்கள் தபால்காரரின் மகளை லண்டன் பிளேனுக்கு ஏற்றிவிட்டு வந்தேன். படிக்கப் போன பிள்ளை. அக்கா படலையில் நின்று கேட்டார்.

"எப்ப ஏறினவள்? எப்ப இறங்குவாள்?"

"பின்னேரம் ஒரு மணிக்கு ஏறினவள் அக்கா. இரவு எட்டு மணிக்கு இறங்குவாள். ரிக்கற்றிலை கிடந்தது, நானே பாத்தனான்."

நானே பார்த்தேன் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எல்லாம் பிழைத்தது. எட்டு மணி லண்டன் எட்டு மணி என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டு மணிக்கூட்டில் எட்டடித்தால் உலகத்துக்கே எட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா எட்டு மணி வரை காத்திருந்து, உள்ளும் புறமும் கூட்டி முடித்து, கையும் கழுவிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் அந்த வழியால் வந்து, "அவள் இறங்க இன்னும் நாலரை மணித்தியாலம் கிடக்கு அக்கா" என்றிருக்கிறார்.

விசயம் கேள்விப்பட்டு நான் ஓடிப்போனபோது அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கூட்டி மூலையில் குவித்த குப்பையை இரண்டு கையாலும் அள்ளி, திரும்பவும் வீடு முழுக்கத் தூவிக்கொண்டிருந்தார். மெசினடியில் துணித்துண்டு, முன்னறையில் நூல், முற்றத்தில் சருகு. எது எங்கே கிடந்ததோ அது அங்கே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"நாலரை மணித்தியாலம்! பிள்ளை கடலுக்கு மேலை நிக்க, நான் இஞ்சை கூட்டிப்போட்டன். உன்னாலைதான்ரா."

"அக்கா, அவள் பிளேனுக்குள்ளை சோறு சாப்பிட்டுப் படம் பாத்துக்கொண்டிருப்பாள்."

"நீ கதையாதை. இனிமேல் எனக்கு மணி எத்தினைக்கு எண்டு சொல்லாதை. எவ்வளவு நேரம் எண்டு சொல்லு."

அன்றிலிருந்து அதுதான் அவருடைய பேச்சு. எவ்வளவு நேரம்? வேறு எதையும் கேட்கமாட்டார்.

தையல் அறைச் சுவரில் ஒரு உலகப் படம் ஒட்டியிருந்தது, மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி அதன்மேல் வைத்து அளப்பார். கொழும்பிலிருந்து லண்டன் ஐந்தரை இஞ்சி, பதினொன்றரை மணித்தியாலம். "அப்ப இஞ்சிக்கு ரெண்டு மணித்தியாலமும் சொச்சமும்." இப்படி ஒரு கணக்கு அவரிடம் இருந்தது.

"அப்ப கனடாவுக்கு?" என்று கேட்டேன்.

"அது நேரை போறேல்லையடா. அரபுநாட்டிலை இறங்கி ஏறவேணும்."

"அந்த இறங்கி நிக்கிற நேரம்?"

"அந்த நேரத்துக்குக் குசினியை மட்டும் கூட்டுவன்."

எங்கள் பக்கத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேன் விட்ட புதிதில் அதையும் அளக்கப் பார்த்தார். நாடா படியவில்லை. இரண்டு ஊரும் அவருடைய பெருவிரல் நகத்துக்குக் கீழே போய்விட்டன. "நூல் கனம்தான்" என்றார். அதுவரை எங்கள் சனம் சென்னைக்குப் போவதென்றால் எட்டு மணித்தியாலம் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கே பிளேன் ஏறி, வந்த திசைக்கே திரும்பிப் பறக்கும். அந்த எட்டு மணித்தியாலத்தில்தான் என் பிழைப்பு நடந்தது. ரோட்டால் கொழும்பு நானூறு கிலோமீற்றர், ஆகாயத்தால் சென்னை முந்நூற்றைம்பது சொச்சம். பலாலியில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். என் வானுக்கு அந்தச் செய்தி நல்லதில்லை, ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் கை தட்டினேன்.

அக்கா ஏன் இப்படி என்று ஒழுங்கையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

அவருக்கு ஒரே மகன். இருபத்திரண்டு வயதில் ஏஜென்சிக்காரன் பிடித்துப் பிரான்சுக்கு வெளிக்கிட்டான். "எவ்வளவு நேரம்?" என்று அன்றைக்குத்தான் அக்கா முதன்முதலாகக் கேட்டிருக்க வேண்டும். ஏஜென்சிக்காரன் "ரெண்டு நாள் அம்மா" என்றான். இரண்டு நாள் போனது. ஒரு கிழமை போனது. எந்த நாட்டில், எந்தக் காட்டில் நிற்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா தைத்துக்கொண்டே இருந்தார், கூட்டவில்லை. துணித்துண்டு கணுக்கால் வரை வந்தது. சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று அளவு கொடுத்தார்கள். பக்கத்து வளவில் இருக்கும் அவருடைய மச்சாள், புருசனின் தங்கை, சுத்தத்தில் விசர் பிடித்த மனுசி. வேலியால் தலையை நீட்டி ஒவ்வொரு நாளும் கத்துவார்.

"உதுக்குள்ளை பாம்பு பூரப்போகுது!"

"பூரட்டும். பாம்புக்காகவும் கூட்டமாட்டன்."

ஒரு மாதமும் சொச்சமும் கழித்துப் போன் வந்தது. பெடியன் பாரிசில். அன்றைக்கு அக்கா மத்தியானம் விளக்குமாறை எடுத்தவர் பொழுதுபட்டுத்தான் வைத்தார். ஒன்பது உரப்பை நிறையக் குப்பை. என் வானில்தான் ஏற்றினோம். என் புது வானின் முதல் ஹயர் அதுதான் என்று வெளியில் நான் சொல்வதில்லை.

"இதாலை என்ன நடக்கும் எண்டு நினைக்கிறியள் அக்கா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"இஞ்சை இருந்துகொண்டு வேறை என்னத்தைச் செய்யலாம்? பிளேனைப் பின்னாலை நிண்டு தள்ளேலுமே?" என்றார். கையில் இருந்த ஊசி நிற்கவில்லை.

மகனுக்குப் பிறகு அங்கே விசா கிடைத்தது. ஆனால் அகதியாய்ப் போனவன் இங்கே திரும்பி வர முடியாது. பதினாலு வருசம் தாயும் மகனும் போனுக்குள்ளேதான் முகம் பார்த்தார்கள். கடைசியில் அவனுக்குக் கலியாணம் பேசி, சென்னையில் செய்வதென்று முடிவானது. அவன் அங்கிருந்து வருவான், அக்கா இங்கிருந்து போவார். அக்காவுக்கு அதுதான் முதல் பிளேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலமை எட்டு மணிக்கு வானோடு போனேன். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மகன் எட்டரைக்குச் சென்னையில் இறங்க வேண்டும். அக்கா அதற்குப் பிறகு வீட்டைக் கூட்டிவிட்டு வெளிக்கிட்டு, பத்து மணிக்குள் பலாலியில் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பிளேன். தான் படலை தாண்டும்போது முற்றம் அப்போதுதான் கூட்டியதாய் இருக்க வேண்டும் என்று அவனைக் கடைசி நேரத்தில் ஏறச்சொல்லியிருந்தார். பெடியனும் சிரித்துவிட்டு அப்படியே செய்தான்.

நான் போய் இறங்க, அக்கா புதுச் சீலையோடு மெசின் ஸ்ரூலில் இருக்கிறார். சுற்றிவர மருமகளின் கலியாணச் சட்டை வெட்டிய துண்டுகள்.

"ஏறுங்கோ அக்கா, போவம்."

"நான் வரேல்லை."

"என்ன வரேல்லை?"

போனை நீட்டினார். மகன் அரபுநாட்டில் பிளேன் மாறும் இடத்தில் இருந்து எழுதியிருந்தான். பிளேன் பிந்தி, இப்போதுதான் ஏறுகிறானாம். அங்கிருந்து சென்னைக்கு நாலரை மணித்தியாலம்.

"அவன் இறங்க பன்னிரண்டரையாகும். அவன் இறங்கட்டும், பிறகு வாறன்."

"பன்னிரண்டுக்கு உங்கடை பிளேன் போயிடும். அடுத்த பிளேன் நாளைக்கு மத்தியானம். நாளைக்குக் காலமை தாலிகட்டு!"

"அவன் மேலை நிக்க நான் இந்த வீட்டை விட்டுப் போகேலாது. நான் படலை தாண்ட உவள் விளக்குமாறோடை வருவாள். என்ரை கதவுத் திறப்பு ஒண்டு அவளிட்டைக் கிடக்கு."

வேலிக்கு மேலால் மச்சாளின் தலை வந்தது.

"ஓம், கூட்டுவன்தான்! நாளைக்குக் கலியாணம் நடக்கிற பெடியன்ரை வீடு உப்பிடியே கிடக்கிறது? சனம் வந்து பாத்தால் என்னைத்தான் கேக்கும்."

"பாத்தியே?" என்றார் அக்கா என்னிடம். "பதினாலு வருசம் காத்திட்டன். கடைசி நாலு மணித்தியாலத்திலை பிழை விடமாட்டன்."

அவருடைய குரல் உடைந்தது.  என் மூளை வேலை செய்யும் நாட்கள் வருசத்தில் இரண்டு மூன்றுதான், அன்றைக்கு அதில் ஒன்று வாய்த்தது.

"அக்கா, வீட்டிலை எத்தினை விளக்குமாறு கிடக்கு?"

"மூண்டு. முத்தத்துக்கு ஈர்க்கு, உள்ளுக்குத் தும்பு, குசினிக்கு ஒரு கட்டை. ஏன்?"

மூன்றையும் எடுத்து வானுக்குள் போட்டேன். பிறகு வேலியடிக்குப் போனேன்.

"மாமி, திறப்பைத் தாங்கோ. உங்கடை விளக்குமாறையும் தாங்கோ."

"என்ரை வீட்டு விளக்குமாறை உனக்கு ஏன்ரா தரவேணும், நாயே?"

"அக்கா போய் இறங்குமட்டும்தான். இல்லாட்டி அவா போகமாட்டா. தாயில்லாமல் பெடியன் தாலி கட்டட்டே?"

மச்சாள் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். உள்ளே போனார். பிறகு வேலிக்கு மேலால் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குமாறு வந்து விழுந்தது. நாலு. சுத்தக்காரி வீடல்லவா? கடைசியாகத் திறப்பு வந்து என் தலையில் விழுந்தது. அது குறி பார்த்து எறிந்தது.

"ஏழும் என்ரை வானிலை. இப்ப ஏறுவியளோ?"

அக்கா எழும்பினார். வாசலில் நின்று ஒருமுறை குப்பையைப் பார்த்தார், பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி. வானில் ஏறியதும், "போட்டு வாறன்" என்று வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

பலாலி வாசலில் காவலுக்கு நின்றவர் வானுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, விளக்குமாறு ஏற்றுமதியோ?"

"இல்லை ஐயா, பாதுகாப்புக்குக் கொண்டு போறம்."

அவர் சிரிக்கவில்லை. என்னை இறங்கச் சொல்லி ஏழு விளக்குமாறையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அக்கா இறங்கி உள்ளே போகும்போது திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். 

"மணி எத்தினை எண்டு பாராதை. எவ்வளவு நேரம் எண்டு பார்."

விசிறி பூட்டிய சின்னப் பிளேன். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி எழும்பி, கடல் பக்கம் போய்ப் புள்ளியானது. புறப்பட்ட நேரத்தைப் பேனையால் உள்ளங்கையில் எழுதினேன். எனக்குக் கழித்தல் வராது, கூட்டல் கொஞ்சம் வரும். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. வானை நிழலில் விட்டுவிட்டு இருந்தேன். பன்னிரண்டரை தாண்டி மச்சாள் போன் எடுத்தார்.

"பெடியன் இறங்கீட்டானாம்! விளக்குமாறைக் கொண்டு வா."

"அக்கா மேலை நிக்கிறா மாமி."

ஒன்றேகால் மணித்தியாலம் முடிந்தது. போன் வரவில்லை. இன்னொரு பத்து நிமிசம். மச்சாள் திரும்பவும் எடுத்தார். இந்த முறை விளக்குமாறைப் பற்றிக் கேட்கவில்லை. "செய்தி ஏதும்?" என்றார், மெதுவாக. இன்னொரு கால் மணித்தியாலம். நான் அக்காவின் நம்பருக்கு அடித்தேன், அது வேலை செய்யவில்லை. எனக்கு இதில் ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனால் தேத்தண்ணியைத் தொடாமலே ஆறவிட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கார அண்ணை விளக்குமாறை எடுத்து வாசலில் குனிந்தார்.

"அண்ணை, கூட்டாதையுங்கோ!"

கத்தினேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் எழும்பி நின்ற வேகத்தில் வாங்கு சரிந்து, அதிலிருந்த ஒரு பெரியவரும் சரிந்தார்.

"ஏன்ரா, என்ன நடந்தது?"

"எங்கடை அக்கா ஒராள்... மேலை நிக்கிறா. முதல் பிளேன். இன்னும் போன் வரேல்லை."

இப்போது எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் விளக்குமாறைச் சுவரில் சாத்தி வைத்தார். வந்து எனக்கு எதிரில் இருந்தார். சரிந்த பெரியவர் மண்ணைத் தட்டிக்கொண்டு, தன் காலடியில் கிடந்த கச்சான் கடலைக் கோதைக்கூடத் தள்ளாமல் அப்படியே இருந்தார்.

"எவ்வளவு நேரப் பிளேன் தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒண்டேகால்."

"அங்கை இறங்கினாப் பிறகு வரிசையிலை நிக்கவேணும். பாஸ்போட் குத்தவேணும். அந்த நேரத்தையும் சேர்த்தனியோ?"

நான் சேர்க்கவில்லை. நான் எதைச் சேர்த்தேன் வாழ்க்கையில்?

போன் வந்தது, தெரியாத நம்பர். முதலில் ஆம்பிளைக் குரல். "அண்ணை, நான்தான்... அம்மா வந்திட்டா." பிறகு போனை வாங்கி அக்கா கதைத்தார்.

"டேய், என்ரை போன் இஞ்சை வேலை செய்யேல்லையடா. இறங்கீட்டன். இவன் வாசல்லை நிண்டவன், எனக்கு முதலே வந்து நிண்டவன். மெலிஞ்சுபோனான். தலைமயிரும் கொட்டுண்டுபோச்சு."  "ஒண்டேகால் மணித்தியாலம்தான்ரா. ஒரு சாறிச்சட்டைக்கு ரெண்டு கையும் வைச்சுத் தைக்கிற நேரம். அதுக்கே நாங்கள் பதினாலு வருசம் இருந்தனாங்கள்?"

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. "ஓம் அக்கா" என்றேன்.

"சரி, நீ போய்க் கூட்டு."

"நானோ?"

"விளக்குமாறு உன்னட்டைத்தானே கிடக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அவர் எழும்பித் தன் வாசலைக் கூட்டத் தொடங்கினார். பெரியவர் கச்சான் கோதைத் தள்ளிவிட்டுக் காலை நீட்டினார். எனக்கு அந்தத் தேத்தண்ணி ஆறிப்போயும் அவ்வளவு ருசியாக இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வீட்டைக் கூட்டினேன். என் மனுசிக்கு இது இன்றுவரைக்கும் தெரியாது, தெரிந்தால் எங்கள் வீட்டையும் கூட்டச் சொல்வாள். மச்சாள் வேலியடியில் நின்று, "மூலையை விட்டிட்டாய், கட்டிலுக்குக் கீழை ஆர் கூட்டுறது, உன்ரை கொப்பரோ?" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினார்.

கலியாணம் முடிந்து அக்கா வந்தார். அடுத்த வருசம் மகன் கூப்பிட்டு, ஒரேயடியாகப் பிரான்சுக்குப் போனார். நான்தான் பலாலியில் இறக்கிவிட்டேன். வீட்டைப் பூட்டித் திறப்பை மச்சாளிடமே கொடுத்தார், பயமில்லாமல். அவர் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லுமட்டும் மச்சாள் தன் வீட்டையும் கூட்டவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. நான் என் வானைக் கூட்டவில்லை. அதில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன கிழமை அக்கா போன் எடுத்தார். பின்னால் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. கேட்டேன்.

"மருமகள் வீடு கூட்டுறாளடா. இஞ்சை விளக்குமாறு இல்லை, மெசின்தான். அது கிடக்கட்டும். தபால்காரற்ரை ரெண்டாவது பெட்டையை இண்டைக்குப் பலாலியிலை ஏத்திவிட்டனியாமே?"

"ஓம் அக்கா. இப்பதான் பிளேன் எழும்பினது."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்டேகால்."

"பிள்ளை, உதை நிப்பாட்டு" என்று யாருக்கோ சொன்னார். போனுக்குள் அந்த உறுமல் அடங்கியது.